வலது மூலைப் பெயர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் கணவர் கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுகொண்டு, அதற்கேற்றபடி தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் அந்தச் சுதந்திர தினத்தன்று, எங்கள் நகர்ப் பூங்காவில் கொடி ஏற்றி முடித்து, தேசிய கீதத்துக்காக எல்லோரும் விறைத்து நிற்கையில் புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து முழங்கால் வலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தவுடன், அவர் என் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

விளம்பரத்தைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். ஆனால் கைப்பேசி வைத்திருந்தவர் தானும் அசையாமல் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். சிட்லபாக்கம் ஏரியின் காற்று முகத்தில் அடிக்க, நாங்கள் நாற்பது பேர் தைல விளம்பரத்தை முழுசாக, மரியாதையோடு நின்று கேட்டோம். அதற்குப் பிறகுதான் தேசிய கீதம் வந்தது. அதையும் யாரும் வாய் திறந்து பாடவில்லை. ஸ்பீக்கர் பாடியது, நாங்கள் உதட்டை மட்டும் அசைத்தோம்.

மிட்டாய் கொடுக்கும்போது மைக்கை வாங்கினேன். "அடுத்த தடவை இந்த டப்பா வேண்டாம். நாமளே பாடுவோம். நான் சொல்லித் தரேன்" என்றேன். யாரும் மறுக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் எங்கள் நகரில் பொதுவாக யாரும் மறுப்பதில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையால் வந்த வினையைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. பதினாறு வயதில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச் கொயரில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாட நின்றவள், முப்பது வருஷமாக அங்கே கீபோர்டு வாசிக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் அலுவலகத்தில் கோப்பு பார்த்ததும் நான்தான், ஏழாம் நாள் பாட்டு வாசித்ததும் நான்தான். ஓய்வு பெற்றபின் கோப்பு போய்விட்டது, பாட்டு மட்டும் மிஞ்சியது.

எங்கள் நலச்சங்கத்தின் செயலாளர் இந்த ஊரின் ஆதிக் குடும்பத்துக்காரர். எங்கள் வீடுகள் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் நெல் வயல். இப்போது மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். தண்ணீர் லாரிக்கு அலைவது, சாக்கடை அடைத்தால் ஆள் கூட்டி வருவது, தெருவிளக்குக்குப் புகார் கொடுப்பது எல்லாம் அவர்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வராததால் ஆறு வருஷமாக அவரே செயலாளர்.

சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசுவார். ஆனால் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் அவசரமாக எதையாவது தட்டிப்போட்டால், அடுத்த நிமிஷமே கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பிழை திருத்தி எழுதிவிடுவார். லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது நமக்கு முக்கியம், அவருக்கு எழுத்து முக்கியம். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். செயலாளர் சிரித்தாரா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

டிசம்பரில் ஒரு நாள் மாலை செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, குடியரசு தினத்தன்னிக்கு நான் கொஞ்சம் பேசலாம்னு கீறேன்."

"பேசுங்களேன் தம்பி. அதுக்கு என்ன?"

"இன்னா பேசறதுன்னுதான் தெரில. நீங்க பாட்டு சொல்லித் தர்றீங்க இல்ல? அந்தப் பாட்டு எப்டி வந்திச்சி, யாரு போட்டது, அத்தப் பத்தி ஒரு அஞ்சு நிமிசம் பேசுனா நல்லாருக்கும். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"தலைவர் சார்கிட்ட கேட்டா இன்னும் நல்லா எழுதித் தருவாரே?"

"அவராண்டையா? வோணாங்க்கா." கையைக் கையைத் தேய்த்துக்கொண்டார். "எங்க அப்பா இதே எடத்துல நாத்து நட்டவரு. நான் மைக்கப் புடிச்சா மோட்டாரு, சாக்கட, குப்ப வண்டி. அதாங்க்கா தெரியும் இவங்களுக்கு. ஒரு தபா, ஒரே ஒரு தபா, வேற எதுனா பேசணும். பொத்தேரில காலேஜு ஹாஸ்டல்ல கீதே என் பொண்ணு, அன்னிக்கு வூட்டுக்கு வருது. அதுவும் கேக்கணும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. "கவலையே வேண்டாம், ரெண்டு பக்கத்துல எழுதித் தரேன்" என்றேன். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் எழுதியும் முடித்தேன். எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனக்குத்தான் தெரியுமே.

எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொயரில் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டின்மேல் ஸ்வரக் குறிப்பு, அச்சிட்ட ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் உண்டு. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இரண்டு மூலையிலும் இரண்டு பெயர் இருக்கும். இடது மூலையில் இருப்பவர் வார்த்தைகளை எழுதியவர். வலது மூலையில் இருப்பவர் மெட்டுப் போட்டவர். நாற்பது வருஷமாக ஞாயிறுதோறும் அந்த மூலைகளைப் பார்த்துப் பழகிய கண் இது. எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் வலது மூலைக்குத்தான் போகும்.

எங்கள் பழைய கொயர் மாஸ்டர் கையால் பிரதி எடுத்த தேசிய கீதத்தின் நொட்டேஷன் ஒன்று என் ஃபைலில் இருக்கிறது. இடது மூலையில் கவிஞர் பெயர். வலது மூலையில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் பெயர். மதனப்பள்ளியில் ஒரு கல்லூரி முதல்வரின் மனைவி, மேற்கத்திய இசை முறையாகப் படித்தவர் என்று மாஸ்டர் ஒரு முறை சொன்னதாக ஞாபகம். போதாதா? நம் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டது ஒரு பெண், அதுவும் இதோ இங்கே, சித்தூர் தாண்டினால் வருகிற ஊரில், பியானோ முன்னால் உட்கார்ந்து! கீபோர்டு வாசிக்கிற எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. பல வருஷமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா.

எழுதித் தந்ததில் சரியானதும் இருந்தது. பாட்டு மொத்தம் ஐந்து சரணம், நாம் பாடுவது முதலாவது மட்டும் என்று எழுதினேன். ஒரு ராஜாவைப் புகழ்ந்து எழுதிய பாட்டு அது என்று வருஷா வருஷம் குழுவில் சுற்றுகிற செய்தி புரளி, கவிஞரே அதை மறுத்து எழுதியிருக்கிறார் என்றும் எழுதினேன். கடைசியில் முத்தாய்ப்பாக, "சொல்லைத் தந்தது வங்காளம், மெட்டைத் தந்தது மதனப்பள்ளியில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பியானோ" என்று ஒரு வரி போட்டேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்துக்கொண்டேன்.

ஜனவரி முழுக்கப் பயிற்சி. வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்காக் கொட்டகையில் பதினெட்டுப் பேர் கூடினோம். பாதிப் பேர் எங்கள் சர்ச்சுக்காரர்கள், மீதிப் பேர் பக்கத்துத் தெருக்காரர்கள். தேசிய கீதத்தை ஐம்பத்திரண்டு விநாடியில் முடிக்க வேண்டும். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்க்க, முதல் நாள் அறுபத்தெட்டு விநாடி இழுத்தோம். எங்கள் ஆட்கள் கடைசி வரி வந்தால் ஆராதனை முடிகிற மாதிரி தாமாகவே இழுத்து, மூன்று குரலாகப் பிரிந்து, நிறுத்தி நிதானமாக இறங்குவார்கள்.

"மேடம், பதினாறு செகண்ட் லேட்டு. இந்த லட்சணத்துல வண்டி செங்கல்பட்டு போய்ச் சேராது" என்பார் கார்டு.

நான் கத்தினேன், கையில் தாளம் போட்டேன், இரண்டு பேரைக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லி, மறுநாள் நானே போய்க் கூட்டி வந்தேன். மூன்றாவது வாரம் ஐம்பத்து மூன்றுக்கு வந்தோம். கார்டு பச்சைக் கொடி காட்டுகிற மாதிரி கைக்குட்டையை ஆட்டினார்.

செயலாளரும் தன் பங்குக்குத் தயாரானார். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் கல்லாப் பலகையில் என் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கும். குழாய்க்கு எல்போ எடுத்துக் கொடுத்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பார். ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு முழுதும் ஒப்பித்துக் காட்டினார். என்னுடைய எழுத்துத் தமிழ் அவர் வாயில் கொஞ்சம் தடுக்கியது. ஆனால் மதனப்பள்ளி வந்ததும் முகம் மலர்ந்து, குரல் உயர்ந்துவிட்டது.

"இந்த எடம்தாங்க்கா சூப்பர். யாருக்குமே தெரியாது பாத்தீங்களா, இது?" என்றார்.

"யாருக்கும் தெரியாது" என்றேன் நானும், பெருமையாக.

குடியரசு தினத்தன்று பூங்காவில் நல்ல கூட்டம். ஸ்பீக்கர் இல்லாமல் பாடப்போகிறோம் என்பது பரவியிருந்தது. கொடி ஏறியது. நான் கீபோர்டில் சுருதி கொடுத்தேன். பதினெட்டுப் பேர் ஆரம்பித்தோம், இரண்டாம் வரியிலேயே கூட்டமும் சேர்ந்துகொண்டது. முடிந்தபோது கார்டு என்னைப் பார்த்து ஐந்து விரலையும், பிறகு இரண்டு விரலையும் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக் குரலில் பாடினால் அந்தப் பாட்டு வேறு மாதிரி இருக்கிறது.

பிறகு செயலாளர் பேசினார். புது வெள்ளைச் சட்டை. கையில் தாள் இல்லை. அவர் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம், ஓரிடத்தில்கூட நிற்காமல், தன் ஊர் வாடையோடு, அழகாகப் பேசினார். மதனப்பள்ளி வந்ததும் கூட்டத்தில் "அப்படியா!" என்று ஒரு சலசலப்பு. கைதட்டல் பலமாக வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது வேட்டி தடுக்கி, சிரித்துக்கொண்டே சமாளித்தார்.

நன்றியுரை பேராசிரியருடையது. மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு சின்னத் திருத்தம். குழந்தைகள் தப்பாக் கத்துக்கக் கூடாது பாருங்க, அதனால சொல்றேன். மெட்டும் கவிஞரோடதுதான். அந்த அம்மையார் அதுக்கு நொட்டேஷன் எழுதினவங்க, அவ்வளவுதான். ஆக்சுவலா இது யாரும் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம். நம்ம செயலாளர் பாவம், தண்ணி லாரியை விட்டுட்டுச் சரித்திரத்துக்கு வந்துட்டார். லாரின்னா அவர் கரெக்டா இருப்பார்."

கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. ஆனால் முன்வரிசையில் அந்தப் பெண் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டாள்.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. எட்டடி தூரத்தில் நான் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். ஜிப்பு எங்கோ மாட்டிக்கொண்டதுபோல் குனிந்துகொண்டேன். ஜிப்பு மாட்டவே இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார். நான்தான் எங்கியோ தப்பாப் படிச்சிட்டேன்" என்று அவர் சொன்னது கேட்டது. அப்போதாவது நிமிர்ந்திருக்கலாம். நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பேராசிரியர்மேல் வந்த கோபம் இருக்கிறதே! அவரை ஆதாரத்தோடு மடக்கிவிட வேண்டும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டைக்கூட என் கணவரே போட்டுக்கொண்டார். ஒன்றல்ல, ஏழெட்டுக் கட்டுரை படித்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லின. கவிஞர் அந்த ஊர்க் கல்லூரிக்கு விருந்தாளியாகப் போய்த் தங்கியிருந்தபோது மாணவர்கள் நடுவே அந்தப் பாட்டைத் தானே பாடியிருக்கிறார். பாடலும் அவருடையது, ராகமும் அவருடையது. கேட்ட அந்த அம்மையாருக்குப் பிடித்துப்போய், கவிஞர் பாடிய மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்திருக்கிறார். அம்மையார் மெட்டைக் கொடுத்தவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டவர்.

ஃபைலிலிருந்து பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். கொயர் மாஸ்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. நொட்டேஷன் எழுதியவர் பெயரை இருந்த இடத்தில் எழுதியிருக்கிறார். வலது மூலை என்றால் மெட்டுப் போட்டவர் என்று முடிவுகட்டியது என் கண். பாட்டுப் புத்தகப் பழக்கத்தில் ஒரு தேசத்தின் பாட்டையே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. அதற்கு நாற்பது வருஷம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போயிருக்க வேண்டும்.

இரண்டு நாள் எனக்கு நானே பூசி மெழுகினேன். அவர்தானே கேட்டு வந்தார், நானா கூப்பிட்டேன்? நொட்டேஷன் எழுதுவதும் பெரிய வேலைதானே? நூறு வருஷத்துக்கு முந்திய விஷயத்தில் யார் சரியாகச் சொல்ல முடியும்? என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ யார்கிட்டப் பேசிட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

குழுவில் யாரோ ஒரு பொடியன், தண்ணீர் லாரிமேல் பியானோ ஏற்றி வைத்த படம் ஒன்றைப் போட்டான். பதினோரு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். செயலாளர் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் லாரி வரும் நேரத்தை வேறொருவர் போட்டார். பிப்ரவரியில் பொதுக்குழுவும் தேர்தலும் இருந்தன. அவர் இந்த முறை நிற்கப்போவதில்லை என்று கார்டு சொன்னார்.

கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கல்லா முன்னால் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது, "தம்பி, ஒரு குழாய் வாஷர் வேணும்" என்பதுதான்.

"எத்தினி இஞ்சிக்கா?"

"அரை இஞ்சு." வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

டப்பாவில் துழாவி எடுத்து வைத்தார். பலகையில் என் இரண்டு பக்கத் தாள் இல்லை. உறையின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் மட்டும் இருந்தது.

"தேர்தல்ல நிக்கலையாமே?"

"கடைல வேல ஜாஸ்தியா கீதுக்கா." பிறகு வாஷரைத் தாளில் மடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு இன்னா கேட்டிச்சி தெரியுமா? 'ஏம்ப்பா தெரியாததெல்லாம் போயிப் பேசற'ன்னு கேட்டிச்சி. அந்த வீடியோவ அழிச்சிட்டு ஹாஸ்டலுக்குப் போயிடிச்சி."

எனக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லலை தம்பி? அக்காதான் எழுதிக் குடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அங்கதானக்கா நின்னுகினு இருந்தீங்க."

பதில் இல்லாதபோது நான் திட்டம் போடுகிறவள். "பொதுக்குழுல எழுந்து நானே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், பாருங்க" என்றேன்.

"உங்க இஷ்டம்க்கா" என்று வாஷரை நீட்டினார்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. ஆராதனை முடிந்து நேரே பூங்காக் கொட்டகைக்குப் போனேன். எழுபது பேர் இருப்பார்கள். மழைநீர் வடிகால், தெருநாய், பூங்கா விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போய், தேர்தலுக்கு முன்னால் நான் எழுந்து மைக் கேட்டேன். எனக்கு மேடை பயம் எப்போதும் கிடையாது. அன்றும் இல்லை.

"குடியரசு தினத்தன்னிக்கு நம்ம செயலாளர் பேசினதை ஒரு எழுத்து விடாம எழுதிக் குடுத்தது நான்" என்று ஆரம்பித்தேன். வலது மூலைக் கதையைச் சொன்னேன். தாளை எடுத்துக் காட்டினேன். மெட்டு கவிஞருடையது, அந்த அம்மையார் எழுதி வைத்தவர், தப்பு முழுக்க முழுக்க என்னுடையது, அவர் என்னை நம்பி மனப்பாடம் செய்தார் என்றேன். "அவர் என் பேரைச் சொல்லாம தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டார். நான் அதை வேடிக்கை பார்த்துட்டு நின்னேன். இதை உங்க எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்."

பேராசிரியர் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், இட்ஸ் ஓகே! யாருக்கும் வரக்கூடிய தப்புதான். வலது மூலைன்னு சொன்னீங்களே, ரொம்ப இன்ட்ரஸ்டிங்கான விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நீங்க எழுந்து நின்னதே பெரிய மனசு."

ஜிவ்வென்று ஏறியது எனக்கு. "சார், அதே தப்புதான். ஒரு வார்த்தை மாறலை. அவர் வாயில வந்தப்போ யாரும் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம். என் வாயில வந்தா இன்ட்ரஸ்டிங்கா? அவரைப் பார்த்துச் சிரிச்சீங்களே, இப்ப என்னைப் பார்த்துச் சிரிங்களேன் பார்ப்போம்!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, சொல்லிவிட வேண்டும். செயலாளர் பக்கம் திரும்பி, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். குரல் கொஞ்சம் கம்மியது. செயலாளர் எழுந்து, கைகூப்பி, உட்கார்ந்தார்.

முதலில் கார்டுதான் கைதட்டினார். பிறகு எல்லோரும். லாரிமேல் பியானோ ஏற்றிய பொடியன்கூடத் தட்டினான். செயலாளரே தொடர வேண்டும் என்று யாரோ முன்மொழிய, கைகள் மளமளவென்று எழுந்தன. "பாக்கலாம்" என்றார் அவர். அதை எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் என்னைச் சுற்றி நின்று பாராட்டியவர்களை எண்ணி மாளாது. "எவ்ளோ தைரியம் மேடம்!" "இப்படி ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்?" "பசங்களுக்கு இதைத்தான் சொல்லித் தரணும்." ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் தலைகால் புரியாமல் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்துதான் நின்றேன், சுகமாக இருந்தது. இழந்த இடத்தை மீட்டதோடு, அதைவிட உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு கொட்டகையில் செயலாளர் தனியாக நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் என்றால் நாற்காலி போடுவதும் எடுப்பதும் அவர் வேலை என்றுதான் ஆறு வருஷமாக நாங்கள் பழகியிருந்தோம். அவர் அருகில் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

"என்ன தம்பி, திருப்திதானே? சொன்ன மாதிரியே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்துவிட்டு நின்றார். கோபம் இல்லை அவர் குரலில்.

"சொன்னீங்கக்கா. எழுபது பேராண்ட சொன்னீங்க. எல்லாரும் உங்களுக்குக் கை தட்டுனாங்க. என்னாண்ட மட்டும் நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

நான் வாயைத் திறந்தேன். மைக் பிடித்து எழுபது பேர் முன் தடையில்லாமல் வந்த வார்த்தை எதுவும் வரவில்லை. பேராசிரியரிடம் பேசினேன், சங்கத்திடம் பேசினேன், என் மனசாட்சியிடம் வாரக்கணக்கில் பேசினேன். இவரிடம் வாஷர் வேண்டும் என்று மட்டும் பேசியிருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்க தம்பி" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. "உங்க பொண்ணு முன்னாடி உங்களைத் தனியா விட்டுட்டேன்."

அவர் ஏரிப்பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிக்கா" என்றார்.

கூட்டத்துக்குப் போட்ட நீள மேசை இன்னும் நடுவில் கிடந்தது. அவர் ஒரு முனைக்குப் போய்க் குனிந்து, மறுமுனையைத் தலையால் காட்டினார். நான் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன்.